ஏசி நின்ற மத்தியானம்

ஓர் அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டு ஏசிக்கு நேர் கீழே. மூன்றாவது, வெயில் காயும் மேற்குச் சுவரை ஒட்டி. மணிக்கு ஒருமுறை மூன்றும் தங்கள் நேரத்தைச் சொல்லும். யாருடையது மற்ற இரண்டோடு ஒத்துவரவில்லையோ, அது திருத்திக்கொள்ள வேண்டும்.

சூட்டில் கம்ப்யூட்டரின் கடிகாரம் மெதுவாகிவிடும். அதனால் எப்போதும் சுவரோரக் கம்ப்யூட்டர்தான் பின்தங்கும்.

“இன்னிக்குமா? வெட்கமா இல்லை உனக்கு?” என்று மற்ற இரண்டும் கேட்கும்.

“இங்கே சூடு தாங்கலைப்பா...”

“சாக்குச் சொல்லாதே. இப்படியே போனா உன் வயரைப் பிடுங்கிடுவோம்.”

ஒரு சித்திரை மத்தியானம் ஏசி நின்றுபோனது. அறை முழுக்க அடுப்பாகக் கொதித்தது. நேரம் சொல்லிப் பார்த்தால், மூன்றும் ஒன்று!

“அடேயப்பா, திருந்திட்டியே!” என்றன இரண்டும். சுவரோரக் கம்ப்யூட்டரால் தன் காதையே நம்ப முடியவில்லை.

சாயங்காலம், மொட்டைமாடியில் செயற்கைக்கோளிடம் சரியான நேரம் வாங்கும் பெட்டி அலறியது.

“ஐயையோ! மூணு பேருமே முழுசா ஒரு செகண்ட் பின்னாடி இருக்கீங்க!”

ஏசிக்குக் கீழே இருந்த இரண்டும் கேட்டன: “நாங்களா? நாங்களுமா?”

“ஆமா. ஏசி நின்ன சூட்டுல...”

“சாக்குச் சொல்லாதே!” குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. “நாங்க மூணு பேரும் ஒரே நேரம் சொல்றோம். நீ ஒருத்தன்தான் வேற சொல்றே. வெட்கமா இல்லை உனக்கு?”

பெட்டி மறுபடியும் தன் நேரத்தையே சொன்னது.

“முதல்ல இவன் வயரைப் பிடுங்குங்க” என்றது சுவரோரக் கம்ப்யூட்டர்.