ரேடியேட்டர் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்

உறைபனி மாதத்தில் ஒரு கார் ஊட்டிக்குப் புறப்பட இருந்தது. எஞ்சின் தண்ணீரை உறையவிடாத கூலன்ட்டின் வீரியத்தைச் சோதிக்க வந்த கண்ணாடிக் குழாய், முதலில் ரேடியேட்டரின் ஓரத்து டப்பாவில் ஒரு வாய் உறிஞ்சியது. அன்று காலைதான் அதில் புதுக் கூலன்ட் ஊற்றியிருந்தார்கள். குழாய்க்குள் இருந்த, வீரியம் இருந்தால்தான் மிதக்கும் உருண்டைகள் அத்தனையும் ஜோராக மிதந்தன.

“எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம்!” என்றது டப்பா. பொய்யில்லை, கணக்கெடுப்பைத் தன்னோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ரேடியேட்டருக்குள் இருந்ததோ வெறும் தண்ணீர். மலைக்குளிரில் உறைந்தால் உடம்பே பிளந்துவிடும். ஆனாலும் வந்தவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதா?

“அண்ணே, நீங்க எப்படி?” என்று ரேடியேட்டரைக் கேட்டது குழாய்.

“எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்.”

அதற்குள் மெக்கானிக் அதன் மூடியையும் திறந்து குழாயை விட்டார். ஓர் உருண்டைகூட எழவில்லை.

“தம்பி, வெளிய சொல்லிடாதே.”

“வாயே திறக்க மாட்டேன், அண்ணே” என்ற குழாய், மூழ்கிய உருண்டைகளோடு மெக்கானிக்கின் கண்ணெதிரே நிமிர்ந்து நின்றது.