மழை பெய்யும் மேசை

"அக்கா, என் மேசையை ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்" என்றாள் சின்னவள்.

"அதான் ஊரே தொட்டுப் பார்த்தாச்சே, நான் வேற எதுக்கு?"

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அந்த டிசைன் ஸ்டூடியோவில் அவளுக்குப் பத்து வருஷம், இவளுக்கு ரெண்டே ரெண்டு.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணல் மேசை தேவை. மணலில் கை வைத்து அழுத்தினால் அடியிலுள்ள சென்சார் உணர்ந்து சத்தம் எழுப்பும். பெரியவள் செய்த மேசையில் குருவி கத்தும். சின்னவள் செய்ததில் மழை பெய்யும். மூன்று மணிக்கு டாக்டர்கள் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தவள் பெயர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறும்.

வாசலோர இடத்தை ஸ்டூடியோவை நடத்தும் மேடம் சின்னவளுக்குக் கொடுத்திருந்தாள். பெரியவளுக்கு மூலை.

"மழையாம் மழை! குழாயைத் திறந்தா நான்கூடத்தான் பெய்ய வைப்பேன்" என்று முணுமுணுத்தாள்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் தண்ணீர் பாட்டிலோடு அறைக்குள் நுழைந்தாள். ஈரம் பட்டால் மணல் இறுகிவிடும், சென்சாருக்கு எதுவும் எட்டாது. ரெண்டு மேசையும் ஒரே அச்சு, மேலே ஒரே மாதிரித் துணி. மணலில் கை பட்டால் மேசையே காட்டிக்கொடுத்துவிடும். தொடாமல், வாசலோர மேசையின் துணிக்கு அடியில் பாட்டிலை மெல்லச் சரித்தாள்.

மூன்று மணி. டாக்டரம்மா வாசலோர மேசையில் கை வைத்து அழுத்தினார். சத்தமே இல்லை.

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா மூலை மேசைக்குப் போய் அழுத்தினார்.

சடசடவென்று மழை கொட்டியது.

பெரியவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மூலையில் எப்படி மழை?

"பெரியவளே, உன் மணல் எப்படி இவ்வளவு ஈரமாச்சு? யார் தண்ணி ஊத்தினது?" வாசலோர மேசையின் மணலைத் தொட்டுப் பார்த்த மேடம் குரலை உயர்த்தினாள்.



சின்னவள், வாசலோர மேசைக்கடியில் கிடந்த பாட்டில் மூடியைப் பார்த்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்தாள்.

"என் தப்புதான் மேடம். அக்காவோடது முதல்ல கண்ணுல படட்டும்னு சாப்பாட்டுக்கு முன்னாடி நான்தான் ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன். அப்போ என் கையில இருந்த பாட்டில் கவுந்துடுச்சு."