ஓர் இடது கை

ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். மணி நாலு இருபது.

காலையில் ஒருமுறை தள்ளிய பனியை வெஸ் நோவாக் கார் ஷெட் வாசலில் மறுபடியும் தள்ளினான். தள்ள அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டைப் பிறாண்டிய சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய்தான் குரைத்தது.

பனி தள்ளும் மண்வாரியை மூலையில் சாத்திவிட்டுத் திருகாணி டப்பாவைக் கவிழ்த்தான். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிரித்தான். பிறகு எல்லாவற்றையும் அள்ளி ஒன்றாகவே போட்டான்.

நேற்று மத்தியானம் அணியின் பொது மேலாளர் லாண்ட்ரி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார். "மேற்குக் கடற்கரை அணிக்காரங்களுக்குப் பந்தெறிய ஒரு இடது கை வேணும், வெஸ். நம்ம முதலாளிக்குச் சம்பளத்துல ஒன்பது மில்லியன் டாலர் குறையணும். நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆட்டக்காரங்க பட்டியல் போயாகணும். நீ சரின்னா எனக்கு எல்லாம் முடிஞ்சுது."

முதலாளிக்கு மூன்று வீடும் ஒரு படகும் உண்டு. அவர் சிக்கனம் பிடிக்க நினைத்தால் வேறு யாராவதுதான் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் வெஸ்ஸை அவர்களால் கேட்காமல் அனுப்ப முடியாது. பேஸ்பாலின் பெரிய லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவனை அவன் சம்மதமில்லாமல் இன்னொரு அணிக்கு மாற்றக்கூடாது. செப்டம்பரில்தான் அவனுக்கு அந்தப் பத்து நிறைந்தது.

மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. போன் வரும், பெட்டி கட்ட வேண்டும். வெஸ்ஸுக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தான். பாதி வெட்டிய தலையோடு விமானம் ஏறினான். வீட்டைக் காலி செய்தது முழுக்க மனைவி ஜோலீன்தான், இடுப்பில் கைக்குழந்தையோடு.

அந்தக் குழந்தை ட்ரூடிக்கு இப்போது ஒன்பது வயது. பஃபலோவுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் தன்னுடைய அட்டைப்பெட்டி ஒன்றை அவள் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கடியில் ஒட்டிய டேப்போடு அப்படியே கிடந்தது. எதற்கு என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். இன்று காலை அதை இழுத்து வந்து வாசல் கதவருகே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

அதைப் பார்த்ததிலிருந்து வெஸ்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சமையலறையில் ஒரே கும்மாளமாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் அந்த ஊர் வழக்கப்படி ஜோலீன் பொரித்த மீன் வாங்கி வந்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் தியோவும் அவன் மனைவி யாரிட்சாவும் வந்திருந்தார்கள். வெஸ்ஸை விட்டால் அணியில் பந்தெறிகிற இடக்கைக்காரன் தியோ ஒருவன்தான். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருவரையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். அந்த வீட்டை அவர்களுக்குப் பார்த்துக் கொடுத்ததே வெஸ்தான். போன வாரம் பத்திரம் முடிந்தது. யாரிட்சாவுக்கு இன்னும் பத்து நாளில் பிரசவம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள் என்பதால் ஆஸ்பத்திரிக்கு ஜோலீன் கூடப் போவதாக ஏற்பாடு.

தியோ வாயில் மீனோடு ஷெட்டுக்கு வந்தான்.

"யோவ் தாத்தா, இன்னுமா யோசிக்கிற? அஞ்சு வருஷம்கூட ஆகாத எனக்கும் உனக்கும் ஒரே சம்பளம், முதுகுவலி மட்டும் உனக்கு. நீ போயிட்டா நான் யாரைக் கிண்டல் பண்றது? முடியாதுன்னு சொல்லித் தொலைய்யா!"

வெஸ் சிரித்துவிட்டான். தியோ உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. அவன் சொன்னதில் ஏதோ ஒன்று நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அது என்னவென்று தோண்டிப் பார்க்க வெஸ்ஸுக்குப் பயமாக இருந்தது. பார்க்கவும் இல்லை. கதவருகே இருந்த அட்டைப்பெட்டியை நினைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"முடியாது லாண்ட்ரி, நான் போகல."

லாண்ட்ரி கோபப்படவில்லை. "சரிப்பா, அது உன் உரிமை. வச்சிடறேன், நான் இன்னொரு போன் போட்டாகணும்."

யாருக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மணி நாலு நாற்பத்தொன்று.

சமையலறைக்குள் வந்து, "போகல," என்றான்.

ஜோலீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த ட்ரூடி கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. யாரிட்சா நாற்காலியில் சாய்ந்தபடியே கைதட்டினாள்.

எல்லோரையும்விடத் தியோவுக்குத்தான் சந்தோஷம். மேசையைச் சுற்றி ஓடிவந்து, எண்ணெய்க் கையோடு வெஸ்ஸை அப்படியே கட்டிக்கொண்டான்.

தியோவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இருவர் நெஞ்சுக்கும் நடுவில் அது துடிப்பதை வெஸ் உணர்ந்தான்.

"எங்கம்மாவா இருக்கும். அப்புறம் பேசிக்கலாம்," என்றான் தியோ.

அதிர்வு நின்றது. உடனே மறுபடியும் தொடங்கியது.

தியோ சிரித்துக்கொண்டே பிடியைத் தளர்த்தினான். வெஸ் தளர்த்தவில்லை.