மேலே பார்த்த குதிரை

கிறிஸ்தவ மடத்துக் கோயிலின் உட்கூரையில், கையில் எக்காளத்தோடு சம்மனசு என்கிற தேவதூதன் ஒன்றைத் தீட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை. துறவிகள் குனிந்தே ஜெபித்தார்கள். மடத்தை மூடிவிட்டுக் கோயிலைத் தானியக் கிடங்காக்கியபோது, வந்தவர்கள் மூட்டைகளையே பார்த்தார்கள். பிறகு பட்டாளம் வந்து அதைக் குதிரை லாயமாக்கியது.

ஒரு காலையில் கிழட்டுக் குதிரையொன்று சரிந்து விழுந்தது. அதன் கண் மேலே பார்த்தது.

"மூச்சு முட்டுது. எக்காளத்தை ஊதி யாரையாவது கூப்பிடேன்," என்றது குதிரை.

"கூப்பிடறேன், இரு. முதல்ல என் இறக்கையைப் பாரு. அத்தனையும் அசல் தங்கப்பூச்சு."

குதிரை பார்த்தபடியே கிடந்தது. சம்மனசு பேசிக்கொண்டே போனது.

மாலையில் ஒரு புறா ஜன்னலில் வந்து உட்கார்ந்தது.

"சத்தம் போடாதே," என்றது சம்மனசு. "காலையிலேர்ந்து என்னையேதான் பார்த்துக்கிட்டிருக்கு."

குதிரையின் கண்மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

"ஆமா," என்றது புறா. "இமைக்கக்கூட இல்லையே."