காசின் மேல் ஒரு ரேகை

நகைப்பட்டறைச் சன்னல் வழியே விழும் மதிய வெயிலில் சங்கரலிங்கம் அந்த வெள்ளி ரூபாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். எதிரே ஸ்டூலில் முத்துசெல்வி. தீப்பெட்டி ஆபீசில் மிஷின் வேலை பார்த்த அவள் புருஷன் பூவனலிங்கம், மகள் பிறந்த அன்று ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து மூடிய காசு. பதினாறு வருஷம் வெளிச்சம் பார்க்காதது. அவன் செத்து மூன்று வருஷமாகிறது. மகளுக்குச் சங்கிலியில் கோத்துப் போட, கறுப்பை எடுத்துத் தரச் சொல்லி வந்திருக்கிறாள். தேய்த்துக் கழுவ, கிண்ணத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் நுரைத்து நிற்கிறது.

“கறுப்புன்னு சொன்னிய. இங்கன வந்து பாருங்கம்மா.”

குனிகிறாள். விளிம்பில் தேன் நிறம், அதற்குள்ளே செம்பு, அதற்கும் உள்ளே மயில்கழுத்து நீலம். காசு திரும்பத் திரும்ப நிறங்கள் நகர்கின்றன. நடுவில், காசில் பொறித்த ராசாவின் கன்னத்தின் மேல், கருநீலத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

“யாரோ அழுத்திப் பிடிச்சிருக்காவ. கைவேர்வையும் தீப்பெட்டி நெடியும் சேந்து, வருஷம் போகப் போக இப்படி நிறமாயிட்டு. தேச்சா போயிரும்.”

ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் வெள்ளி வெள்ளையாகவே இருக்கிறது. கல்யாணமான புதிதில் மிஷினில் அவன் கட்டைவிரலில் பட்ட வெட்டு. அது ஆறும்வரை அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள்தான்.

சங்கரலிங்கம் பிரஷை எடுக்கிறார். முத்துசெல்வியின் உள்ளங்கை கிண்ணத்தை மூடுகிறது. விரலிடுக்கில் நுரை பிதுங்கி வழிகிறது.

“அது அவிய விரலு, அண்ணாச்சி. தண்ணியக் கொட்டிருங்க.”