வோட்கா உறையாது

டப்!

விளக்குப் போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறையில் எதுவும் கீழே விழவில்லை, எதுவும் சிதறவில்லை. மூடின பெட்டிக்குள் எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம்.

இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தை திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தது.

அவளும் பார்த்தாள். ஃப்ரீஸரில்தான் புருஷனின் வோட்கா பாட்டில் இருந்தது.

"என்னத்த உடைச்ச?" ஹாலிலிருந்து புருஷன்.

"ஒண்ணும் இல்லைங்க. தக்காளி ஜூஸ் டின்னைத் திறந்தேன்."

"மகாராணி டின்னைத் திறந்தா குண்டு வெடிக்குதாக்கும்!" துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாருக்கு இது போதாதா? "புருஷனுக்கு ஊத்திக் கலக்கிக் குடுக்கற பொண்டாட்டியை இந்த வீட்டுலதான் பார்க்கறேன். இவ கலக்காட்டி அவன் ஏன் குடிக்கப் போறான்?"

தினமும் கேட்கிற பாட்டுதான்.

ஃப்ரிட்ஜ் கதவில், எந்தக் கிழமைக்கு வோட்காவில் என்ன கலப்பது என்று அவன் கைப்பட எழுதிய தாள், பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி. திங்கள், ஆரஞ்சு ஜூஸோடு ஸ்க்ரூடிரைவர். செவ்வாய், தக்காளி ஜூஸோடு ப்ளடி மேரி. வெள்ளி, ஜூஸே சேராத மார்ட்டினி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மூடி, எத்தனை ஐஸ் என்று அடியில் குறிப்பு வேறு.

கார் ஷோரூம் மேனேஜர் அவன். பகலெல்லாம் 'சார்', 'மேடம்' தவிர வேறு வார்த்தை வராத வாய். மூணாவது கிளாஸுக்கு மேல் அந்த வாயும் வேறு, கையும் வேறு.

கான்வென்ட்டில் படித்தவளுக்கு மேரி என்ற பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல இன்னமும் நாக்கு கூசும். 'செவ்வாய்க்கிழமை கிளாஸ்' என்பாள். ஆனால் அவளுக்குப் பிடித்த கிழமையே அதுதான். மிளகுத்தூளும் மிளகாய் சாஸும் தூக்கலாகப் போட்டால் வோட்கா குறைந்தது தெரியாது. வெள்ளிக்கிழமைதான் கண்டம். மார்ட்டினியில் ஒளிய இடமே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அவன் தள்ளிவிட்டதில் குழந்தையோடு போய்க் கட்டில் விளிம்பில் விழுந்தாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு புது பாட்டிலிலும் அரை டம்ளரை சிங்க்கில் கொட்டிவிட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். அதற்கு மேல் துணிந்ததில்லை.

நேற்று ராத்திரி திறந்த பாட்டிலில் இன்றைக்குக் காலையில்தான் ஊற்றினாள்.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஃப்ரீஸரைத் திறந்தாள்.

பாட்டில் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. உள்ளே கழுத்து வரைக்கும் கல்லாக ஐஸ்.

அரை டம்ளர் தண்ணீருக்கா இப்படி? இத்தனை நாளில் எந்த பாட்டிலுக்கும் ஒன்றும் ஆனதில்லையே!

"தள்ளு."

அவன் பின்னாலேயே நின்றிருந்தான். துண்டால் பிடித்து பாட்டிலை வெளியே எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"வோட்கா உறையாது," என்றான். கஸ்டமருக்கு வண்டியின் மைலேஜைச் சொல்கிற அதே குரல். "வர்றவங்க கிட்டல்லாம் இதைக் காட்டி எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வீட்டு ஃப்ரீஸர்ல வருஷக்கணக்கா கிடந்தாலும் உறையாது. தண்ணிதான் உறையும். இல்ல?"

கத்தினால் இரண்டு அடியோடு ஓயும். இப்படிப் பேசினால் ஓயாது.

"அம்மா, குழந்தையை வாங்கிட்டுப் போ."

மாமியார் எழுந்து வந்தாள். "தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா? வேணும் இவளுக்கு," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். குழந்தையை வாங்கக் குனிந்தபோது வாய் அவள் காதோரம் வந்தது.

"மத்தியானம் நான்தான் அத்தனையையும் கொட்டிட்டு வெறும் தண்ணிய ரொப்பினேன். இப்படிக் கல்லாகும்னு தெரியாதும்மா. என்னைக் காட்டிக் குடுத்துடாதே. நான் தாங்க மாட்டேன்."

இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் 'இந்தா', 'ஏய்' என்பதைத் தவிர அந்த வாய் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. முதல் தடவையாக 'அம்மா'.

மாமியார் குழந்தையோடு தன் அறைக்குள் போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஒரு சாண் இடைவெளியில் பாதி முகமும், குழந்தையின் ஒரு காலும் தெரிந்தன.

அவன் ஐஸில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுச் சப்பினான். துப்பினான்.

"சுத்தத் தண்ணி. உனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் கிடையாதே. துணைக்கு யாரு? அம்மாவா?"

ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவன் கோபத்தில் பாதி அந்தக் கதவுப் பக்கம் போய்விடும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் குழந்தை இருக்கிறது. சொன்னால், விழுகிற அடியில் மாமியார் குழந்தையைக் கீழே விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால், தனக்காகப் பொய் சொன்னவளைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷியால் எப்படிச் சும்மா நிற்க முடியும்? வந்து குறுக்கே நிற்பாள். பெற்ற தாய் குறுக்கே நின்றால் அவனும் கொஞ்சம் யோசிப்பான்.

"அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். "பூராவும் நான்தான்."

கதவு அசைந்தது.

வருகிறாள் என்று நினைத்தாள்.

இடைவெளி மறைந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.