வீட்டுக்கு 2,700 கிலோமீட்டர்

ரஹ்மத் நிஷாவின் கணவர் ரியாத்தில் இறந்து, அங்கேயே அடக்கமானார். நாற்பதாம் நாள் அவருடைய பழைய லேப்டாப் மட்டும் கோட்டைப்பட்டினத்துக்கு வந்தது. அவள் தம்பி சிராஜ் வழி பார்ப்பதற்காக அதைத் தன் மீன் வண்டியில் பொருத்தி, ஜிபிஎஸ் கருவியைச் செருகினான்.

மச்சான் அதில் 'வீடு' என்று ஓர் இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தார். வண்டி அக்கா குடியிருந்த அந்த வாடகை வீட்டு வாசலில்தான் நின்றது. திரையில், வீட்டுக்கு 2,700 கிலோமீட்டர் என்று இருந்தது. மறுநாள் 2,670.

"வண்டி எங்கிட்டு ஓடுனாலும் தெனம் முப்பதுதான்க்கா கொறையுது, யாரோ நடந்து வர்ற கணக்கா. பழசுல்ல, கெட்டுப்போச்சு," என்றான் சிராஜ்.

கணவர் இறந்ததால் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வெளியே வராமல் இருந்தவள் தினமும் ஜன்னல் வழியே அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டாள்.

இத்தா முடிந்த அன்று 30.

"நாளைக்கு ஒருநா மட்டும் இருந்துட்டு வாரேன்டா," என்றாள். வீட்டு உரிமையாளர் காலி செய்யும் வீட்டின் சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிராஜ் சாமான்களை ஏற்றி, அவளை அறந்தாங்கியில் தன் வீட்டில் இறக்கிவிட்டு லோடுக்குப் போனான்.

மூன்றாம் நாள் திரும்பினான். அவள் ஓடிவந்து பார்த்தாள். திரையில் அதே 30.

"நேத்துப் பகல் பூரா சைபர்லயே நின்னுச்சுக்கா, சரியாயிருச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கி மறுபடி ஏறுது."